அப்பா இலையில் பாதி வடை

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் இதைச் சொல்கிறேன். எண்ணெய்ப் பண்டம் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகும், பண்டிகை நாளில் மருமகள் கண்ணில் படாமல் ஒரு வடையை மேல்துண்டில் முடிந்துகொண்டு மொட்டை மாடிக்குப் போகிற கூட்டத்துக்கு. நானும் அந்தக் கூட்டம்தான். ஆனால் இறால் வடையை மட்டும் தொடமாட்டேன். இறால் ஒத்துக்காது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். சின்ன வயசில் நான் அதை ஒரு பாதி தின்றதில் எங்கள் வீட்டில் ஒரு ஆள் செத்துப்போனார் என்று எப்படிச் சொல்வது?

யுத்தம் முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். ராயபுரத்தில், துறைமுகத்துச் சங்கு ஊதினால் அலமாரியில் டம்ளர் அதிர்கிற தூரத்தில், ஓட்டு வீட்டில் ஒற்றை அறை எங்களுடையது. அம்மா, சித்தப்பா, நான். சித்தப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, எண்ணூர் கழிமுகத்தில் நெட்டுக்குப்பத்தில் இருந்தாள். மீன் கூடையோடு எங்கள் பக்கம் வருவாள். கூடையைக் காலி செய்தபின் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து அம்மாவின் பொறுமையைக் காலி செய்வாள்.

அப்பா ரங்கூனில் இருந்தார். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. எனக்கு ரெண்டு வயசு இருக்கும்போது, ரங்கூன் துறைமுகத்தில் கூலி ஒஸ்தி என்று கேள்விப்பட்டு அவர் கப்பலேறியிருக்கிறார். ஜப்பான்காரன் அங்கே குண்டு போட்டதோடு கடுதாசி நின்றுவிட்டது. பர்மாவிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்களில் ஒருத்தர், குண்டு விழுந்த அன்று காலையில் அவரைக் கப்பல் மேடையில் பார்த்ததாகச் சொன்னார். இன்னொருத்தர், அதற்கு மறுநாள் அவர் ஒரு கடை வாசலில் பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததாகச் சொன்னார். அத்தை முதல் ஆளை நம்பினாள். அம்மா ரெண்டாவது ஆளை நம்பினாள். நான் பீடியை நம்பினேன். தெருவில் எவன் பீடி குடித்தாலும் கிட்டப் போய் முகத்தைப் பார்த்துவிட்டு வருவேன். அப்பா முகம் எனக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

புருஷன் ரங்கூனில் இருக்கிறவளுக்கு ஏகப்பட்ட சட்டம். அப்போது துறைமுகத்துப் பக்கம் பருப்புக் கிடங்கில் புடைத்துச் சலிக்கப் பெண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்குப் போக ஆசை. அத்தை விடவில்லை.

“நாளைக்கு என் தம்பி வந்து, எம் பொஞ்சாதிய லாரிக்காரன் நடுவுல வுட்டியான்னு கேட்டா நான் இன்னா பதிலு சொல்றது?”

“அவுருதான் இல்லைன்றியே அண்ணி. அப்பறம் யாரு வந்து கேக்கறது?”

“இல்லைனு நீ ஒத்துக்கோ. கழுத்துல கீறத கழட்டு. போ. எவன் கேக்கறான்? தாலியும் வேணும், தெருவும் வேணும்னா ஆவுமா?”

சித்தப்பா இந்தப் பேச்சு ஆரம்பித்ததும் பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அதற்கு உண்ணி பார்ப்பார். மூணு மூட்டையை ஒரே தூக்கில் தூக்குகிற மனுஷன், அக்கா முன்னால் வாயைத் தூக்கமாட்டார்.

போகி என்றால் உங்களுக்கெல்லாம் பழைய பாயைக் கொளுத்துவது. எங்கள் வீட்டில் அது செத்தவர்களுக்குச் சோறு போடுகிற நாள். சாயந்திரம் இலை போட்டு, போனவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்து, கற்பூரம் காட்டி, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். ஒருமுறை வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரம் வாசலில் காத்திருக்க வேண்டும். அப்புறம் அத்தை மூணு தட்டுத் தட்டுவாள். சட்டென்று திறந்தால் சாப்பிடுகிறவர்களுக்குச் சங்கடமாம். உயிரோடு இருக்கிற என்னைக் குளிக்கும்போது கதவைத் தட்டாமல் இழுத்துத் திறக்கிற அத்தை, செத்தவர்களிடம் காட்டுகிற மரியாதை அது.

எங்கள் வீட்டில் ஒரே இலைதான், தாத்தாவுக்கு. சுறாப் புட்டு, மொச்சைக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பு, ஒரு சுருட்டு, ஒரு கிளாஸ் கள்ளு. அப்பாவுக்கு இலை போடச்சொல்லி வருஷா வருஷம் அத்தை கேட்பாள். உசுரோட கீறவருக்கு எவளாவது எலை போடுவாளா என்று அம்மா கரண்டியைக் கீழே வைப்பாள். கரண்டி கீழே வந்தால் சமையல் நின்றுவிடும். அத்தை அடங்கிவிடுவாள்.

அந்த வருஷம் அத்தை காலையிலேயே வந்தாள், மண்சட்டி நிறைய கழிமுகத்து இறாலோடு. சின்ன இறால், உரித்தால் விரல் நகம் அளவு. சட்டியை அம்மா முன்னால் வைத்தாள்.

“நான் சொல்றத ஒரு வாட்டி கேளுமே. இந்த வருசம் அவனுக்கும் எலை போடு. அவனுக்குப் புடிச்சத வையி. உசுரோட இருந்தான்னா, வச்சது வச்ச மாரியே இருக்கும். அப்பறம் நான் சாவற மட்டும் இந்தப் பேச்சு எடுக்கமாட்டேன். இல்லைனா அவனே வந்து கை வச்சிட்டுப் போவான்.”

அம்மா சட்டியிலிருந்து ஒரு இறாலை எடுத்து உரித்தாள். பிறகு, “பேச்சு மாறமாட்டியே?” என்றாள்.

“கடல் மேல சத்தியம்.”

அம்மாவுக்கு அன்று வந்த வேகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஜெயிக்கப்போகிறவளின் வேகம். கடலைப்பருப்பை ஊறவைத்தாள். பெருஞ்சீரகம், பூண்டு, காய்ந்த மிளகாய் வைத்து கொரகொரவென்று ஆட்டினாள். இறாலை மஞ்சள் போட்டு வதக்கி, வெங்காயத்தோடு மாவில் பிசைந்தாள். வேறு அடுப்பில் பரங்கிக்காய் வெந்தது. ரேஷன் சர்க்கரை போதாமல் வெல்லத்தில் செய்த போளி ஒரு பக்கம் அடுக்கில் ஏறியது. வடையைத் தட்டி எண்ணெயில் போட்டதும் எழுந்த வாசனைக்குப் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை அழுகையை நிறுத்தியது என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். ஆனால் நிறுத்தியது.

படையல் சமையலை யாரும் நாக்கில் வைக்கக்கூடாது. உப்பு கூடப் பார்க்கக்கூடாது. மத்தியானத்திலிருந்து பச்சைத்தண்ணிதான். எனக்கு எட்டு வயசு. அந்த வயசில் பசி வயிற்றில் இருக்காது, உடம்பு முழுக்க இருக்கும்.

இப்போது நீங்கள் நினைப்பது தெரிகிறது. பையன் வடைக்காகத்தான் உள்ளே ஒளிந்தான் என்று. இல்லை. என் மேல் ஆணை, நான் ஒளிந்தது அப்பாவைப் பார்க்க. அவர் வருவார் என்று அத்தை சொல்லிவிட்டாள். வந்தால் செத்தவர், வராவிட்டால் இருக்கிறவர் என்கிற கணக்கெல்லாம் என் மண்டைக்கு எட்டவில்லை. வருகிறார், முகத்தைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். கற்பூரப் புகையில் எல்லாரும் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மூலையில் சுருட்டி நிமிர்த்தி வைத்திருந்த கோரைப்பாய்க்குள் புகுந்துகொண்டேன். வெளியே தெருப்பையன்கள் போகிக் கொட்டு தட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் அங்கேதான் இருப்பேன் என்று வீட்டில் நினைத்தார்கள். சித்தப்பா முன்ஜாக்கிரதையாகப் பூனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். கதவைச் சாத்தினார்கள்.

அகல்விளக்கு வெளிச்சத்தில் ரெண்டு இலை. நான் பாய் இடுக்கு வழியாகக் காத்திருந்தேன். தாத்தா வரவில்லை. அப்பாவும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்தில் போய் நின்றால்தான் தெரிவார் என்று தோன்றியது. போனேன். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிவார் என்று தோன்றியது. உட்கார்ந்தேன். அதற்கப்புறம் என்ன தோன்றியது என்று எனக்கு நினைவில்லை. வாயில் வடை இருந்தது. ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் இறால் இனிப்பாக. அப்பாவைப் பார்க்க வந்தவன் கண்ணை மூடிக்கொண்டு மென்றேன்.

டக், டக், டக்.

மிச்சப் பாதியை இலையில் வைத்துவிட்டு ஒரே தாவலில் பாய்க்குள் போனேன். முழுசாகத் தின்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நல்ல பிள்ளையாக மிச்சம் வைத்தேன் பாருங்கள், அதுதான் வினை.

அத்தை இலை முன்னால் குனிந்தாள். அந்தப் பாதி வடையை விளக்குக்கிட்டப் பிடித்தாள். எனக்கு அந்த வாரம்தான் முன்பல் ஒன்று விழுந்திருந்தது. கடித்த இடத்தில் நடுவே ஒரு சின்ன மேடு நின்றது.

“சந்துப் பல்லு,” என்றாள். “என் தம்பி சந்துப் பல்லு.” அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை நான் எழுத்தில் எழுத முடியாது. மீன் கூவி விற்கிற தொண்டை அது. தெரு முழுக்கக் கொட்டு நின்றது. பெண்கள் ஓடிவந்து மாரில் அடித்துக்கொண்டு அவள் தோளைக் கட்டிக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் நான் பாயைவிட்டு வெளியே வந்ததை ஒருத்தரும் கவனிக்கவில்லை. அம்மா மட்டும் அழவில்லை. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு அந்த இலையைப் பார்த்தாள், மூலையைப் பார்த்தாள், அப்புறம் தரையைப் பார்த்தாள்.

நல்ல நாளில் கூடாது, காணும் பொங்கல் கழிந்த மறுநாள் விடியலில் கடற்கரையில் வைத்துத் தாலியை வாங்கிவிடுவது என்று பெண்கள் முடிவு செய்தார்கள்.

அந்த நடு நாட்களில் நான் பட்ட பாடு இருக்கிறதே. முதலில், தின்றதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கேஸ் முடிந்துவிடும் என்று நினைத்து, தெருக்கோடிக் குழாயடியில் விரலை விட்டு வாந்தி எடுத்தேன். பொங்கலும் கரும்புச் சக்கையும்தான் வந்தது. வடை போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது. அப்புறம், விழுந்த பல்லை ஓட்டின் மேலிருந்து தேடி எடுத்து ஈறில் ஒட்டிப் பார்த்தேன். பல் இருந்தால் கடி வேறு மாதிரி இருக்கும், அத்தை தப்பாகப் பார்த்தாள் என்று நிரூபிக்கலாம் அல்லவா? வக்கீல் புத்தி. பசையாகக் கஞ்சி. பல் தொண்டைக்குள் போய், இருமி, சித்தப்பா முதுகில் குத்தி வெளியே எடுத்தார். என் கோணங்கித்தனத்துக்கெல்லாம் மூலம் அந்த மூணு நாள்தான் என்று நினைக்கிறேன். உள்ளுக்குள் நடுங்கினால் வெளியே எதையாவது செய்து தொலைப்பேன்.

அத்தை நெட்டுக்குப்பத்துக்குத் திரும்பவில்லை. எங்கள் வீட்டிலேயே அழுதாள். அழுதபடியே அம்மாவுக்குத் தலைவாரி, இருக்கிற பூவையெல்லாம் வைத்தாள், இதுதான் கடைசி என்று. கை நிறைய வளையல் போட்டாள். தம்பியை நினைத்து ஒப்பாரி பாடினாள், சின்ன வயசில் அவனைக் கட்டுமரத்திலிருந்து தள்ளிவிட்டதைக்கூட அதில் சேர்த்தாள். எனக்கு அப்போது அவளைக் கண்டாலே எரிந்தது. அம்மாவின் கழுத்தைக் காலி செய்ய வந்த ராட்சசி என்று நினைத்தேன். கூடப் பிறந்தவனுக்காக ஆறு வருஷமாக வாய்விட்டு அழ முடியாமல் மென்று விழுங்கிக்கொண்டிருந்தவள் அவள் என்பது, பிற்பாடு சித்தப்பா போன அன்றுதான் எனக்கு உறைத்தது.

காணும் பொங்கலன்று கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். புளிச்சோறு, வறுத்த நெத்திலி. எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

“சித்தப்பா. அந்த வடை.”

“எந்த வடை?”

“அப்பா எலைல. நான்தான் துன்னேன்.”

சித்தப்பா தோண்டுவதை நிறுத்தினார். என் வாயைப் பார்த்தார், பல் சந்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. அத்தை உட்கார்ந்திருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“யாரு கைலயும் சொல்லாத நைனா. அக்கா உன் தோல உரிச்சிடும்.” கொஞ்சம் யோசித்து, “என் தோலையும்” என்றார். கையிலிருந்த வேர்க்கடலையை என் டவுசர் பையில் கொட்டினார். அவரால் முடிந்த நியாயம் அது.

அப்போது துறைமுகத்துக்குள் ஒரு கப்பல் வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் கப்பல் சங்கு கேட்டால் அம்மா செய்கிற வேலையை விட்டு நிமிர்ந்துவிடுவாள்; நினைவு தெரிந்ததிலிருந்து நான் பார்த்த அம்மா அதுதான். அன்று கப்பல் எங்கள் எதிரிலேயே போயிற்று. அவள் நிமிரவில்லை. அலை ஓரத்தில் புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலை நனைத்துக்கொண்டு, நெத்திலியைத் தலையோடு கடித்துத் தின்றுகொண்டிருந்தாள். துக்கத்தில் புத்தி மழுங்கிவிட்டது என்று நினைத்து எனக்கு இன்னும் பயமாகப் போய்விட்டது.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் பெண்கள் வந்துவிட்டார்கள். அம்மா குளித்துத் தயாராக நின்றாள். நான் வாசற்படியில் குறுக்கே நின்றேன். இடுப்பில் டவுசர் நிற்கவில்லை, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வீரத்தைச் செய்தேன்.

“அப்பா வர்ல. நான்தான் துன்னேன். பாய்க்குள்ள இருந்தேன்.”

அத்தை என் முன்னால் குந்தினாள். “இன்னா சொன்ன?”

“பாய்க்குள்ள ஒளிஞ்சிகினு இருந்தேன். பசிச்சிச்சி. துன்னேன்.” வாயைப் பிளந்து ஓட்டையைக் காட்டினேன்.

அத்தை பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அறைவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் என்னை இழுத்து மாரோடு அணைத்துக்கொண்டாள். மீன் வாடையும் கண்ணீரும் மூக்கை அடைத்தது.

“பாருமே, அம்மா கழுத்துக்காவ பொய் சொல்லுதே எம் புள்ள. இத்தினியூண்டு இருந்துகினு இன்னா பாசம் பாரு. அவன் பல்லு மாரியே கீதுமே, அவன் பல்லு மாரியே.”

வந்த பெண்களெல்லாம் என் கன்னத்தைத் தொட்டு அழுதார்கள். வாழ்க்கையில் நான் சொன்ன முதல் பெரிய உண்மைக்கு எனக்குக் கிடைத்த மரியாதை அது. சித்தப்பாவைப் பார்த்தேன். பூனையைத் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அத்தையின் பிடி கொஞ்சம் தளர்ந்தது. தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். “நீ சொல்லுமே. புள்ள சொல்றது நெசமா? நீ நெசம்னு சொன்னா நான் இப்டியே திரும்பி நெட்டுக்குப்பம் போறேன்.”

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும். நான் அவளையே பார்த்துக்கொண்டு, சொல்லு, சொல்லு என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

“பசியில ஒளறுது,” என்றாள் அம்மா. “வா அண்ணி. வெயிலு வந்துடும்.”

என்னை நகர்த்திவிட்டுப் படி இறங்கினாள்.

திரும்பி வந்தபோது கழுத்தில் ஒன்றுமில்லை. நெற்றி வெறிச்சென்று, வேறு யாரோ மாதிரி இருந்தாள். அத்தை பாயில் படுத்து உடனே தூங்கிவிட்டாள், வாய் திறந்து, குறட்டையோடு, குழந்தை மாதிரி. அம்மா ஈரத்தலையை உதறிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போனேன்.

“நான் சொன்னது நெசம்மா.”

“தெரியும்டா. பாய் ஆடிச்சி.”

“அப்பறம் ஏன்மா ஒளறுதுன்ன?”

அம்மா அடுப்பைக் கிளறினாள். உமியை ஊதினாள்.

“அப்ப அப்பா உசுரோடதான் கீறாரா?”

“அது எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அந்த வடைக்கும் தெரியாது,” என்றாள். “தட்ட எடுத்துகினு வா.”

அடுத்த வாரம் பருப்புக் கிடங்கில் சேர்ந்துவிட்டாள். சாயந்திரம் புருவமெல்லாம் பருப்புத் தூசியாக வருவாள். கூட வேலை செய்கிறவர்களோடு தெருமுனை வரை சிரித்துக்கொண்டே வருகிற சத்தம் கேட்கும். அம்மாவுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் எனக்கு வேறொரு பயம் பிடித்தது. அப்பா வந்துவிட்டால்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பீடி குடித்துக்கொண்டு, வாசலில் வந்து நின்றால்? என்னைச் சாகடித்தது யார் என்று கேட்டால் அம்மா என்ன சொல்வாள், நான் என்ன சொல்வேன்? அதுவரை அப்பா வர வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தவன், சாமி, அவர் வரவே கூடாது என்று வேண்ட ஆரம்பித்தேன். சிரிக்காதீர்கள். இல்லை, சிரித்துக்கொள்ளுங்கள், நானும் இந்த இடத்தில் சிரித்துவிட்டுத்தான் மேலே போவது வழக்கம்.

அந்த ஆடி மாசம் ஒரு சாயந்திரம், துறைமுகத்துப் பக்கமிருந்து தகரப்பெட்டியோடு ஒரு ஆள் எங்கள் தெருவில் நுழைந்தான். ஒட்டிய கன்னம், கறுத்த உடம்பு. ஒவ்வொரு வீட்டு வாசலாக நின்று பார்த்துக்கொண்டே வந்தான். நான் கோலி விளையாடிக்கொண்டிருந்தவன், எழுந்து ஓடி வீட்டுக்குள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளும் பார்த்துவிட்டாள். கையில் சொம்பு அப்படியே நின்றது. இன்னொரு கை மெதுவாக மேலே போய் வெறுங்கழுத்தைத் தொட்டது. முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றி மூடிக்கொண்டாள்.

அந்த ஆள் எங்கள் வாசலுக்கு நேராக வந்து நின்றான். கொல்லன் வீடு எது என்று கேட்டான். அம்மா கையை நீட்டிக் காட்டினாள். அவன் போனான்.

கதவிடுக்கு வழியாக நான் அவள் முதுகைத்தான் பார்க்க முடிந்தது. அவன் தெரு திரும்பி மறைகிற வரைக்கும் அவள் நகரவில்லை. அப்புறம் படியில் உட்கார்ந்து, சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தாள். முகம் கழுவ எடுத்த தண்ணீர் அது. நான் கதவுக்குப் பின்னால் நிற்பது அவளுக்குத் தெரியும். வெளியே வா என்று அவள் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை.